டோக்கன் யார் கையில்? இணையதளக் குக்கீகள் வேலை செய்யும் விதம்

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமானால் மீன்துறையில் டோக்கன் வாங்க வேண்டும். சீட்டில் இருப்பது கொஞ்சம்தான். படகின் முழு விவரமும் அலுவலகத்துப் பதிவேட்டில் இருக்கிறது. சீட்டைப் பார்ப்பவருக்குப் படகில் போகிறவரின் முகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இணையதளங்கள் நம் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் குக்கீயும் இப்படி ஒரு டோக்கன்தான். அதை யார் கொண்டுவந்து காட்டினாலும் அவரையே உரியவராகத் தளம் எடுத்துக்கொள்கிறது. தொண்டி, மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று நம் கடலோர ஊர்களில் ஒரே போனை வீட்டில் நாலு பேர் புழங்குகிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் நாள் முழுக்க ஆள் மாறி ஆள் உட்காருகிறார்கள். ஆகவே குக்கீயைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அதற்குப் பிரவுசரைத் தெரியும், ஆளைத் தெரியாது. குக்கீயால் கிடைக்கும் வசதியும் அதனால் வரும் தொல்லையும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி முறைக்கு ஞாபகம் கிடையாது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், தளத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டரான சர்வர் கொடுக்கும், அத்தோடு கணக்கு முடிந்தது. அடுத்த நொடி அதே பிரவுசர் இன்னொரு பக்கத்தைக் கேட்டால் சர்வருக்கு அது புது ஆள். வெறும் கட்டுரை படிக்க இது போதும். லாகின் செய்யவோ, கடையில் நாலு பொருள் எடுத்து ஐந்தாவதைத் தேடவோ போதாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துப் பொறியாளர் லூ மொன்டூலி இதற்கு வழி தேடினார். எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனம் ஓர் இணையக் கடை கேட்டிருந்தது. வாங்குபவர் கூடையில் போட்டதைத் தன் சர்வர் சுமக்கக் கூடாது, வாங்குபவரின் கம்ப்யூட்டரிலேயே அது இருக்க வேண்டும் என்றது. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் உலகில், பிரித்துப் பார்க்காமல் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் சிறு தரவுக்கு ‘மேஜிக் குக்கீ’ என்று பெயர். குக்கீ என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரே நிரந்தர எண் கொடுத்துவிடுவது அதைவிட எளிய வழியாக இருந்திருக்கும். மொன்டூலி அதை வேண்டாம் என்று தள்ளினார். எல்லாத் தளங்களும் அதே எண்ணைப் பார்த்தால் ஒருவரைத் தளம் தளமாகப் பின்தொடர முடியும் என்பது அவருடைய கவலை. அதனால், ஒரு தளம் கொடுத்த குக்கீ அந்தத் தளத்துக்கே திரும்பிப் போகும், பக்கத்துத் தளத்தின் கண்ணில் படாது என்பது விதியானது. 30 ஆண்டு கழித்தும் அந்த விதி மாறவில்லை. விளம்பரத் தொழில் அதை மீறாமலே சுற்றிக்கொண்டு போன விதத்தைப் பிறகு பார்ப்போம்.

குக்கீ ஒரு நிரல் அல்ல. தானாக ஓடாது. பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வடிவில் ஒரு வரி எழுத்து, அவ்வளவே. நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது சர்வர் பக்கத்தை அனுப்புவதற்கு முன், நம் கண்ணில் படாத தலைப்பு வரிகள் சிலவற்றை அனுப்புகிறது. அவற்றில் ‘செட்-குக்கீ’ என்ற வரியும் ஒன்று. ஒரு நீளமான எண், அது எத்தனை விநாடி செல்லும், எந்த முகவரிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். 30 நாள் ஆயுள் என்றால் 25,92,000 விநாடி என்று எழுதியிருக்கும். பிரவுசர் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையின் தலையிலும் அந்த எண்ணைத் திருப்பிக் காட்டுகிறது. சர்வர் தன் பதிவேட்டில் தேடி, ‘காலையில் லாகின் ஆன கணக்கு இது’ என்று அறிந்துகொள்கிறது. ஒழுங்காகக் கட்டிய தளத்தின் குக்கீயில் பாஸ்வேர்டோ ஆதார் எண்ணோ இருக்காது. யாரும் ஊகிக்க முடியாத அந்த எண்தான் இருக்கும். பிஎச்பி மொழியில் எழுதிய தளங்களில் அதன் இயல்பு அளவு 32 எழுத்து.

குக்கீக்குள் இடம் குறைவு. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற தரநிலை, ஒரு குக்கீக்கு 4096 பைட், ஒரு தளத்துக்கு 50 குக்கீ, மொத்தமாக 3000 என்ற அளவையாவது பிரவுசர் தாங்க வேண்டும் என்கிறது. தமிழுக்கு இதில் கூடுதல் செலவு உண்டு. குக்கீயின் மதிப்பில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே நேராகப் போகும். தமிழை விழுக்காட்டுக் குறி போட்டு மாற்றி எழுத வேண்டும், அப்போது யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 பைட் ஆகிவிடும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறிகள். எனவே ‘ராமநாதபுரம்’ என்ற ஊர்ப்பெயர் 11 குறி, 99 பைட். ஆங்கில எழுத்தில் அதற்கு 14 போதும். நாம் தமிழைத் தேர்ந்தெடுத்ததை நினைவில் வைக்கும் தளங்கள்கூடக் குக்கீயில் ‘தமிழ்’ என்று எழுதாமல் இரண்டு ஆங்கில எழுத்துக் குறியீட்டை வைத்துக்கொள்வது இதனால்தான்.

இந்தச் சிக்கனம் சிக்னல் மெலிந்த இடத்தில் தெரியும். பக்கத்தோடு வரும் படம், எழுத்துரு, நிரல் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கோரிக்கை போகிறது, அவை அதே தளத்திலிருந்து வருமானால் ஒவ்வொன்றும் குக்கீயைச் சுமந்துகொண்டு போகும். 3 கேபி குக்கீயும் 60 கோரிக்கையும் இருந்தால், பழைய எச்டிடிபி 1.1 முறையில் மேலே அனுப்புவது மட்டும் 180 கேபி. புதிய எச்டிடிபி 2 தலைப்பு வரிகளைச் சுருக்கி அனுப்புவதால் இந்தச் சுமை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வேறொரு கோளாறு இன்னும் நிற்கிறது. பல மாதங்களாகச் சேர்ந்த குக்கீகள், சர்வர் ஏற்கும் அளவைத் தாண்டிவிடும். அப்பாச்சி சர்வரில் ஒரு தலைப்பு வரிக்கு இயல்பான எல்லை 8190 பைட். தாண்டினால் வெள்ளைப் பக்கத்தில் 400 அல்லது 431 என்ற பிழை எண் வரும். ‘சர்வர் டவுன்’ என்று காத்திருப்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் போனில் அதே தளம் திறக்கும். அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்தால் சரியாகிவிடும். குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொட்டால் அந்தத் தளத்தின் குக்கீகளும் தரவும் என்ற பகுதி வரும். அதிலேயே அழிக்கலாம். எல்லாத் தளங்களின் குக்கீகளையும் ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டு, வீட்டில் எல்லோருடைய லாகினும் போய்விட்டதே என்று திண்டாட வேண்டாம்.

இரண்டு கடிகாரங்கள்

குக்கீயின் ஆயுளைப் பிரவுசர் ஒரு பக்கம் எண்ணுகிறது, சர்வர் இன்னொரு பக்கம் எண்ணுகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பிரவுசர் பக்கத்தில், காலாவதித் தேதி எழுதாத குக்கீ பிரவுசரை மூடும்போது அழிய வேண்டும். தேதி எழுதியது அதுவரை இருக்கும், குரோம் 2022 முதல் எந்தக் குக்கீயையும் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆனால் ‘மூடுவது’ என்பது நாம் நினைப்பதுபோல் நடப்பதில்லை. போனில் பிரவுசரைப் பெரும்பாலும் யாரும் முழுதாக மூடுவதில்லை. கம்ப்யூட்டரில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்ற அமைப்பு போட்டிருந்தால், மூடித் திறந்தபின் பழைய டேப்களோடு அந்தக் குக்கீகளும் உயிரோடு திரும்பி வரும். பெருக்கல் குறியைத் தட்டிவிட்டு எழுந்து போவது லாக்-அவுட் ஆகாது.

சர்வர் பக்கத்தில், கொஞ்ச நேரம் கோரிக்கை எதுவும் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து எண்ணை அடித்துவிடும். பிஎச்பி-யின் இயல்பு அளவு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் 30 நிமிடம். பாதுகாப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஓவாஸ்ப் அமைப்பு, பணம் புழங்கும் இடங்களுக்கு 2 முதல் 5 நிமிடமும் சாதாரணத் தளங்களுக்கு 15 முதல் 30 நிமிடமும் பொதுவான அளவு என்கிறது. அடிக்கப்பட்டபின் நம் பிரவுசரில் குக்கீ பத்திரமாக இருந்தும் பயனில்லை. டோக்கன் கையில் இருக்கும், பதிவேட்டில் வரி இருக்காது. ‘செஷன் எக்ஸ்பயர்டு’ என்று வருவது அதுதான்.

நாம் தட்டச்சு செய்வதும் மவுஸை அசைப்பதும் பொதுவாகச் சர்வருக்குத் தெரியாது. கோரிக்கை போனால்தான் அதற்குத் தெரியும். தேர்வு விண்ணப்பத்தையோ பாஸ்போர்ட் விண்ணப்பத்தையோ திறந்து வைத்துக்கொண்டு, சான்றிதழைத் தேடி, ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து, 30-ஆவது நிமிடம் ‘சமர்ப்பி’ பொத்தானைத் தட்டினால், நிரப்பியது எல்லாம் போய் லாகின் பக்கம் வந்து நிற்கும். சான்றிதழ்களைச் சொன்ன அளவில் தயார் செய்து வைத்துவிட்டு லாகின் செய்ய வேண்டும். இடையில் ‘சேமி’ பொத்தான் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்ட வேண்டும். அது தரவையும் காக்கும், சர்வரின் கடிகாரத்தையும் திரும்ப முதலிலிருந்து ஓட வைக்கும். சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் தட்கல் எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஏசி வகுப்புக்கு 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி. அரை மணி முன்பே லாகின் செய்து சும்மா உட்கார்ந்திருந்தால் மணி அடிக்கும் நேரத்தில் வெளியே நிற்போம். கடைசிச் சில நிமிடங்களில் உள்ளே போய், ஒரு தேடலாவது செய்துகொண்டிருப்பது நல்லது.

ஒரு பிரவுசர், இரண்டு பேர்

பிரவுசிங் சென்டர்களில் அடிக்கடி நடக்கக்கூடிய, காரணம் புரியாமல் சண்டை வரை போகக்கூடிய ஒரு பிழையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்ணன் தங்கை இருவரும் ஒரே தளத்தில் விண்ணப்பிக்க வருகிறார்கள். முதல் டேபில் அண்ணனின் கணக்கில் லாகின் செய்து படிவம் நிரப்பப்படுகிறது. ஓடிபி வரத் தாமதம். அந்த இடைவெளியில் இரண்டாவது டேபைத் திறந்து, அதே தளத்தில் தங்கையின் கணக்கில் லாகின். டேப் இரண்டு, ஆனால் பிரவுசர் ஒன்று, அதன் குக்கீப் பெட்டியும் ஒன்று. ஒரே பெயரில் இரண்டாவது குக்கீ வந்ததும் முதலாவது அழிந்து அதன் இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும். திரையில் முதல் டேப் இன்னும் அண்ணனின் பெயரைக் காட்டிக்கொண்டிருக்கும். அது ஏற்கெனவே வந்து சேர்ந்த பக்கம். அதில் ‘சமர்ப்பி’ தட்டும் நொடியில் போவது தங்கையின் டோக்கன். அண்ணனின் மதிப்பெண்ணும் புகைப்படமும் தங்கையின் கணக்கில் ஏறிவிடும். படிவத்துக்குள் தனிச் சரிபார்ப்பு எண் வைத்திருக்கும் தளமாக இருந்தால், இரண்டும் பொருந்தவில்லை என்று பிழை காட்டி நிறுத்திவிடும். அப்படி நிறுத்தும் தளம் கிடைத்தால் அது நம் அதிர்ஷ்டம்.

இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வேலை பார்க்க வேண்டுமானால் குக்கீப் பெட்டி இரண்டாக வேண்டும். ஒருவருக்குச் சாதாரண ஜன்னல், இன்னொருவருக்கு இன்காக்னிட்டோ, அதாவது மூடியதும் குக்கீயை மறந்துவிடும் தனி ஜன்னல். இரண்டு இன்காக்னிட்டோ ஜன்னல் திறப்பது பயன்படாது, ஏனென்றால் எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களும் ஒரே பெட்டியைப் பகிர்கின்றன. மூன்றாவது ஆள் வந்தால் குரோமில் தனி புரொஃபைல் உருவாக்கலாம், அல்லது ஃபயர்ஃபாக்ஸ் போல வேறு பிரவுசரைத் திறக்கலாம். இன்காக்னிட்டோவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஒரு டேபை மூடினால் அதன் குக்கீ அழியாது, கடைசி இன்காக்னிட்டோ ஜன்னலும் மூடினால்தான் பெட்டி காலியாகும்.

வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்வதற்கும் குக்கீயை அழிப்பதற்கும் வேறுபாடு உண்டு. குக்கீயை அழித்தால் நம் கையிலுள்ள டோக்கன் கிழிகிறது, சர்வரின் பதிவேட்டில் வரி அப்படியே இருக்கிறது. லாக்-அவுட் செய்தால், தளம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், இரண்டும் போகும். எனவே முதலில் லாக்-அவுட், பிறகு ஜன்னலை மூடுவது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்பது குக்கீக்குச் சம்பந்தமில்லாத தனி ஏற்பாடு. குக்கீயை அழித்தாலும் சேமித்த பாஸ்வேர்டு இருக்கும். பொதுக் கம்ப்யூட்டரில் ‘வேண்டாம்’ என்றே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் வெப் வழியாக ஆவணத்தை இறக்கிப் பிரின்ட் எடுப்பவர்கள் ஜன்னலை மூடினாலும் இணைப்பு நீடிக்கும். போனில் இருக்கும் வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை நீக்கினால்தான் முடிந்ததாக அர்த்தம்.

பணம் போய்விட்டது, தளம் லாகின் கேட்கிறது

இந்த அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. கட்டணம் செலுத்தும் பக்கத்துக்குப் போய், ஓடிபி போட்டு, பணம் பிடிபட்ட குறுஞ்செய்தியும் வந்தபின், திரும்பி வரும் பக்கம் ‘லாகின் செய்யவும்’ என்கிறது. காரணம் பெரும்பாலும் குக்கீயில் இருக்கும்.

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் கோரிக்கையில் குக்கீ போகலாமா கூடாதா என்பதை ‘சேம்சைட்’ என்ற நிபந்தனை தீர்மானிக்கிறது. 2020 பிப்ரவரியில் வெளியான குரோம் 80-இலிருந்து, தளம் ஒன்றும் சொல்லாவிட்டால் ‘லாக்ஸ்’ என்ற கட்டுப்பாடு தானாக விழுகிறது. அதன்படி நாம் ஓர் இணைப்பைத் தட்டிப் போனால் குக்கீ போகும், வேறு தளத்திலிருந்து படிவம் சமர்ப்பிக்கும் முறையில் தள்ளப்பட்டால் போகாது. வேறொரு தளம் நம் பெயரில் படிவத்தைச் சமர்ப்பிக்கும் மோசடியைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் பணம் வாங்கும் இடைத்தரகுத் தளங்கள் பலவும் முடிவைப் படிவ முறையில்தான் பழைய தளத்துக்குத் தள்ளுகின்றன. குக்கீ வராததால் பழைய தளத்துக்கு நாம் புது ஆளாகிவிடுகிறோம். நிபந்தனை எழுதாத குக்கீ பிரவுசருக்கு வந்து 2 நிமிடம் ஆகவில்லை என்றால், படிவ முறையிலும் அதைப் போக விடலாம் என்று குரோம் ஒரு சலுகை வைத்தது. ஓடிபி சீக்கிரம் வந்த நாளில் எல்லாம் சரியாக நடந்து, சிக்னல் இல்லாமல் ஓடிபி மூன்றாவது நிமிடம் வந்த நாளில் மட்டும் இடறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சரிசெய்ய வேண்டியது தளத்தைக் கட்டியவர். நாம் செய்ய வேண்டியது, மறுபடி பணம் கட்டாமல் இருப்பது. திரும்ப லாகின் செய்து, பழைய பரிவர்த்தனைகள் பகுதியில் பார்க்க வேண்டும். பணம் வந்து சேர்ந்த தகவல் பெரும்பாலும் சர்வரிலிருந்து சர்வருக்கு வேறு வழியில் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்கு நம் குக்கீ தேவையில்லை.

முகநூல் செயலிக்குள் தட்டிய இணைப்பு, குரோமில் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தும் மறுபடி லாகின் கேட்பதும் இதன் உறவுதான். பல செயலிகள் தமக்குள்ளேயே ஒரு சிறு பிரவுசரை வைத்திருக்கின்றன, அதற்குத் தனிக் குக்கீப் பெட்டி. மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, வெளிப் பிரவுசரில் திறக்கச் சொன்னால் பழைய லாகின் கிடைக்கும்.

கொடுத்தவன் எல்லாக் கடையிலும் உட்கார்ந்திருந்தால்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி மராமத்து நடக்கும் நேரம். பெயின்ட், வலை, எஞ்சின் உதிரி பாகம், ஜிபிஎஸ் கருவி எல்லாவற்றுக்கும் போனில் விலை பார்ப்பதும் அப்போதுதான் கூடும். ஒரு கடையின் தளத்தில் ஜிபிஎஸ் கருவி பார்த்த கொஞ்ச நேரத்தில், செய்தித்தளத்திலும் சமையல் குறிப்புப் பக்கத்திலும் அதே கருவி விளம்பரமாக வந்து நிற்கும். ‘போன் ஒட்டுக்கேட்கிறது’ என்று சொல்வார்கள். இதற்கு ஒட்டுக்கேட்கவே தேவையில்லை.

கடையின் பக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் சிறு நிரலோ, கண்ணுக்குத் தெரியாத ஒரே புள்ளி அளவுப் படமோ இருக்கும். அதைக் கொண்டுவரப் பிரவுசர் விளம்பர நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அந்தச் சர்வர் தன் பங்குக்கு ஒரு குக்கீ கொடுக்கிறது. செய்தித்தளத்தின் விளம்பர இடமும் அதே நிறுவனத்தின் கையில் இருந்தால், அங்கே போகும்போது பிரவுசர் அதே எண்ணை நீட்டுகிறது. கொடுத்தவனுக்கே குக்கீ திரும்பிப் போகிறது என்ற விதி மீறப்படவில்லை. கொடுத்தவன் எல்லாக் கடையிலும் உட்கார்ந்திருக்கிறான். பக்கம் திறக்கும் அந்த இமைப்பொழுதில், இந்த எண்ணுக்கு விளம்பரம் காட்ட யார் எவ்வளவு தருவார்கள் என்று ஏலம் நடந்து முடிகிறது. ஏலக்காரர்களும் தங்கள் எண்களை முன்கூட்டியே ஒன்றோடொன்று பொருத்தி வைத்திருப்பதால், ஒருவர் அறிந்தது இன்னொருவருக்கும் பயன்படுகிறது. இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ.

இது ஊகிக்காமல் நடந்த விபத்து அல்ல. 1997 பிப்ரவரியில் வந்த முதல் குக்கீத் தரநிலையே இவ்வகைக் குக்கீகளைப் பிரவுசர்கள் இயல்பாக மறுக்க வேண்டும் என்று சொன்னது. பிரவுசர் நிறுவனங்கள் கேட்கவில்லை. சஃபாரி 2020 மார்ச்சில்தான் முழுதாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பெட்டி என்று பிரித்தது. குரோம் 2020 ஜனவரியில் இரண்டு ஆண்டுக்குள் நிறுத்துவதாகச் சொல்லி, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நம் பக்கம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன், அதில் குரோம். நாமாகத் தடுத்தால்தான் உண்டு: குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் மூன்றாம் தரப்புக் குக்கீகள், அதில் ‘தடு’. தடுத்தபின் ஏதேனும் ஒரு தளத்தில் உள்ளே பதித்த வீடியோவோ லாகினோ வேலை செய்யாவிட்டால் அந்தத் தளத்துக்கு மட்டும் திறந்துவிடலாம். இப்படித் தடுத்துவைப்பதுதான் சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

காரணம் நம் வீடுகள். குக்கீக்கு ஆளைத் தெரியாது. அப்பா பார்த்த வலையின் விளம்பரம் நீட் தேர்வுக்குப் படிக்கும் மகளின் திரையில் வந்தால் ஒன்றுமில்லை. மகள் தன் உடல்நிலை பற்றி, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுத் தேடிய ஒன்று, மறுநாள் அப்பாவின் கண்முன் மருந்து விளம்பரமாக வந்து நின்றால் அது சின்ன விஷயமில்லை. கடன், வேலை, கல்யாணம், குழந்தைப்பேறு என்று எந்தத் தேடலுக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட தேடலுக்கு இன்காக்னிட்டோ உதவும், முடிந்ததும் எல்லா ஜன்னல்களையும் மூடினால் அந்தப் பெட்டி அழிந்துவிடும். ஆனால் தேடலைச் செயலிக்குள் செய்தால் இது காக்காது. செயலிகள் குக்கீக்குப் பதில் போனின் விளம்பர அடையாள எண்ணைப் பார்க்கின்றன. போன் அமைப்புகளில் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்ற பகுதியில் அந்த எண்ணை நீக்கலாம்.

தளங்கள் வருகையை எண்ணுவதற்கும் குக்கீ வைக்கின்றன. கூகுள் அனலிடிக்ஸின் குக்கீயில் இரண்டு எண்கள்: ஒன்று தற்செயலாக எடுத்தது, மற்றது நம் முதல் வருகையின் நேரம், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளில். தளம் கேட்பது 2 ஆண்டு ஆயுள், குரோம் கொடுப்பது 400 நாள்தான். நாலு பேர் புழங்கும் ஒரு போன் இந்தக் கணக்கில் ஒரே ஆள். போனும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு பேர். வருகையாளர் எண்ணிக்கையைக் காட்டி யாராவது பேசினால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கீழக்கரையில் வளைகுடாவுக்கு டிக்கெட் எடுக்கும் வீடுகளில், திரும்பத் திரும்பப் பார்த்தால் குக்கீயை வைத்து விலையை ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு உண்டு. விமான டிக்கெட் விலை மாறுவதற்கு முதல் காரணம், ஒரே வகுப்பு இருக்கைகளையே பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பது. கீழ்ப்படி இருக்கைகள் விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி விலை தெரியும். சந்தேகம் இருந்தால் அதே நிமிடத்தில் இன்காக்னிட்டோவிலும் பார்த்து ஒப்பிடலாம்.

திருடு போகும் டோக்கன்

2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் இணைப்பு நிரல் வெளியானது. பாஸ்வேர்டு இல்லாத வைஃபையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் முகநூல் குக்கீயைப் பிடித்து, ஒரே தட்டில் அவர் கணக்குக்குள் போக அது வழி செய்தது. தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டு, அதன்பின் குக்கீயை வெட்டவெளியில் அனுப்பியதே காரணம். இன்று பெரிய தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ், அதாவது எல்லாப் பக்கமும் மறையாக்கத்தோடு போகும் முறை. குக்கீயில் ‘செக்யூர்’ என்ற நிபந்தனை இருந்தால் மறையாக்கம் இல்லாத வழியில் அது போகாது. ‘எச்டிடிபி ஒன்லி’ என்ற நிபந்தனை இருந்தால் பக்கத்தில் ஓடும் நிரலால் அதைப் படிக்க முடியாது.

இப்போதைய திருட்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. காசு கொடுக்காமல் இறக்கிய போட்டோ எடிட்டிங் மென்பொருளின் ‘கிராக்’ கோப்போடு ஒளிந்து வரும் திருட்டு நிரல், பிரவுசரின் குக்கீக் கோப்பை அப்படியே எடுத்து அனுப்பிவிடும். பாஸ்போர்ட் அளவு போட்டோ போடும் கடைக் கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஓடிபி இருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது. ஓடிபி கேட்பது டோக்கன் கொடுப்பதற்கு முன்னால். கொடுத்தபின் டோக்கனைக் காட்டுபவரிடம் யாரும் ஓடிபி கேட்பதில்லை. விண்டோஸில் குரோம் 2024 ஜூலை முதல் குக்கீக் கோப்பைப் பிற நிரல்கள் திறப்பதைக் கடினமாக்கியிருக்கிறது. கடினம்தான், முடியாது என்றில்லை. சந்தேகம் வந்தால் வேறொரு சுத்தமான போனிலிருந்து கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்-அவுட் செய்ய வேண்டும். அப்போதுதான் சர்வரின் பதிவேட்டில் வரி அடிபடும். பாஸ்வேர்டு மாற்றுவது அதற்கு அடுத்த வேலை.

‘குக்கீகளை ஏற்கிறீர்களா’ என்று கேட்கும் பட்டைகள் ஐரோப்பியச் சட்டத்தால் வந்தவை. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று சொன்னது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. அதில் தமிழ் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதுவரையிலும் பட்டையில் ‘அவசியமானவை மட்டும்’ என்ற தெரிவு இருந்தால் அதையே தட்டலாம்; லாகினும் கூடையும் கெடாது, விளம்பரக் குக்கீ மட்டும் நிற்கும்.

பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள், வருகிறவர்களுக்குக் குரோமின் கெஸ்ட் ஜன்னலைத் திறந்து கொடுப்பது நல்லது. வலப்பக்க மேல்மூலையில் புரொஃபைல் சின்னத்தைத் தொட்டால் அது வரும். மூடியதும் குக்கீயும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் அழியும், கடையின் சொந்த லாகின்களும் கலக்காது. இறக்கிய கோப்புகள் மட்டும் அழியாது. ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் நகல் எல்லாம் டவுன்லோடு ஃபோல்டரிலேயே கிடக்கும். ஒவ்வொருவரும் எழுந்து போனதும் அந்த ஃபோல்டரையும் அதன்பின் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும்.